ஏரியை முகவரியாகக் கொண்ட சமையல்: இத்தாலிய வட்டாரச் சமையல் நூல்களும் பழவேற்காடும்

கேள்வி

1891இல் ஃபிளாரன்ஸ் நகரில் பெல்லெக்ரினோ அர்தூசி என்னும் எழுபது வயது வணிகர் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். 475 குறிப்புகளோடு வெளிவந்த அந்நூல், 1911இல் அவர் இறப்பதற்குள் 790 குறிப்புகளாகப் பெருகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவற்றுள் பல, வாசகர்கள் ஊர் ஊராக இருந்து கடிதத்தில் எழுதி அனுப்பியவை. 1861இல்தான் ஒரே அரசின்கீழ் வந்த இத்தாலியில், மக்களை ஒன்றுசேர்த்ததில் மன்ட்ஸோனியின் புகழ்பெற்ற நாவலைவிட அர்தூசியின் சமையல் நூலுக்கே பங்கு அதிகம் என்று 1970இல் அறிஞர் பியெரோ கம்போரேசி வாதிட்டார். அர்தூசிக்குப் பின் எலிசபெத் டேவிட் 1954இல் ஆங்கிலத்திலும், அன்னா கொசெத்தி டெல்லா சால்டா 1967இல் இத்தாலியிலும், மார்செல்லா ஹசான் 1973இல் அமெரிக்க வாசகர்களுக்காகவும் எழுதிய நூல்கள், இத்தாலியச் சமையல் என்று ஒற்றையாக ஒன்று கிடையாது, ஊருக்கு ஊர் வேறுபடும் பல சமையல்களின் தொகுப்பே அது என்ற எண்ணத்தை உலகெங்கும் நிலைநிறுத்தின.

இந்நூல்களின் ஈர்ப்பைச் சுவையை மட்டும் கொண்டு விளக்க முடியாது. போ ஆற்றின் கழிமுகத்து விலாங்கை வாழ்நாளில் ஒருமுறைகூட உண்ணப்போகாதவரும் அதன் செய்முறையை ஆர்வத்தோடு படிக்கிறார். அவர் படிப்பது செய்முறையை மட்டுமன்று. ஒரு நீர்நிலையையும் ஒரு பருவத்தையும் ஓர் ஊரின் பழக்கத்தையும் சேர்த்தே படிக்கிறார். தமிழில் இத்தகைய சமையல் எழுத்து ஏன் அரிதாக இருக்கிறது? சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களின் சமையலை அப்படி எழுத முடியுமா? முடியுமென்றால் எதை முன்வைத்து எழுத வேண்டும்? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுவே. இத்தாலிய வட்டார நூல்களின் வலிமை, ஒவ்வோர் உணவுக்கும் ஓர் இடத்தை முகவரியாகத் தந்ததில் உள்ளது. அந்த இடம் யார் கையில் இருந்தது, அதன் நீரில் இறங்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டதே அவற்றின் குறை. பழவேற்காட்டுச் சமையலை எழுத முனைவோர் அந்த வலிமையைக் கற்றுக்கொண்டு, குறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

வட்டாரம் எப்போது வட்டாரமாகிறது?

ஆய்வாளர்கள் இதுவரை சொன்னவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அர்ஜுன் அப்பாதுரை 1988இல் வெளியிட்ட கட்டுரையில், சுதந்திர இந்தியாவின் நகர்ப்புற நடுத்தர வர்க்கம் ஆங்கிலச் சமையல் நூல்களின் வழியே இந்தியச் சமையல் என்ற ஒன்றைக் கட்டியெழுப்பியதை விவரித்தார். அவர் கவனித்தவற்றுள் நுட்பமானது இது: தேசியச் சமையலும் வட்டாரச் சமையல்களும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தவை அல்ல, ஒரே காலத்தில் ஒன்றையொன்று உருவாக்கிக்கொண்டவை. தன் ஊர்ச் சமையலை உண்பவருக்கு அது வட்டாரச் சமையலாகத் தெரிவதில்லை. வெளியூர்க்காரர் ஒருவருக்கு அதை எடுத்துச் சொல்ல நேரும்போதுதான் அந்தப் பெயர் தேவைப்படுகிறது. இத்தாலியைப் பற்றி அல்பெர்த்தோ கபாத்தியும் மாஸ்ஸிமோ மோந்தனாரியும் 1999இல் எழுதிய வரலாறும், நகரங்களுக்கிடையே பொருளும் செய்முறையும் கைமாறியதால் உருவான வலைப்பின்னலே இத்தாலியச் சமையல் என்று ஏறத்தாழ இதே முடிவுக்கு வருகிறது.

இதற்கு எதிரான குரல்களும் உண்டு. ஜான் டிக்கி 2007இல் வெளியிட்ட நூலில், இன்று குடியானவர் உணவு என்று கொண்டாடப்படுபவற்றுள் பெரும்பாலானவை நகரங்களின் படைப்பு என்றும், நாட்டுப்புறத்தின் உண்மையான உணவு பல நூற்றாண்டுகளாகப் பஞ்சத்தின் உணவாகவே இருந்தது என்றும் காட்டினார். ஒருங்கிணைந்த இத்தாலியின் வேளாண்மை நிலையை ஆராய்ந்த யாச்சினி விசாரணைக் குழுவின் அறிக்கைகள் 1880களில் அச்சாகிக்கொண்டிருந்தன. வடக்கே மக்காச்சோளக் களியை மட்டுமே தின்று பெல்லக்ரா நோயால் மடிந்த உழவர்களை அக்காலத்துப் பதிவுகளில் காண்கிறோம். அர்தூசியின் முதல் பதிப்பும் அதே ஆண்டுகளை ஒட்டியே வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், சமையல் நூல் எதைப் பதிவு செய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது விளங்கும். அல்பெர்த்தோ கிராண்டி 2018இல் இன்னும் ஓரடி முன்னே போய், தொன்மையானவை எனப்படும் பல உணவுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடிவம் பெற்றவையே என்றார். இந்த விமரிசனங்களில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் அவற்றிலிருந்து வட்டாரச் சமையல் என்பதே பொய் என்ற முடிவுக்கு வர இயலாது. ஓர் உணவு எவ்வளவு பழையது என்பதும், அது ஓர் இடத்தைச் சார்ந்திருக்கிறதா என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

தமிழ்ச் சமையல் நூல்களின் முகவரி

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. சமையல் கேட்டு உறவினர்கள் எழுதிய கடிதங்களுக்கு எழுதிய பதில்களே அதன் தொடக்கம். அர்தூசிக்கு நூல் வெளிவந்த பிறகு கடிதங்கள் வந்தன. மீனாட்சி அம்மாளுக்குக் கடிதங்கள் முதலில் வந்து, நூல் பிறகு வந்தது. இந்த வேறுபாடு சிறியதன்று. அர்தூசியின் வாசகர்கள் முன்பின் அறியாதவர்கள். தங்கள் ஊரில் இப்படிச் செய்வோம் என்று எழுதியவர்கள். மீனாட்சி அம்மாளின் முதல் வாசகர்கள் ஒரே குடும்ப வட்டத்துக்குள் இருந்தவர்கள். ஆகவே அவருடைய நூல் ஒரு பிராமண வீட்டின் சைவச் சமையலை வியக்கத்தக்க துல்லியத்தோடு எழுதியது. அளவுகளைத் துணிந்து வரையறுத்த அதன் முறைக்குத் தமிழ்ச் சமையல் எழுத்து இன்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் எந்த ஆற்றங்கரை, எந்த மாதம், எந்தச் சந்தை என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. அதன் முகவரி வீடு. வீட்டுக்குப் பின்னால் சாதி.

செட்டிநாடு விதிவிலக்காகத் தோன்றலாம். அது இடத்தின் பெயர்தான். ஆனால் உணவகப் பலகைகளிலும், 2014இல் வந்த ‘தி பங்களா டேபிள்’ போன்ற சிறந்த நூல்களிலும் அந்தப் பெயர் பெரும்பாலும் நகரத்தார் வீட்டு அடுப்படியையே குறிக்கிறது. அதே ஊர்களில் வயலிலும் கண்மாயிலும் உழைத்தவர்களின் உணவை அது குறிப்பதில்லை. புவிசார் குறியீடு பெற்ற தமிழக உணவுகளைப் பார்த்தால் வேறொரு போக்கு தெரிகிறது. பழனிப் பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகிய எல்லாமே பொட்டலம் கட்டி வெளியூருக்கு அனுப்பக்கூடியவை. அடுப்பிலிருந்து இறக்கிய இடத்திலேயே உண்ண வேண்டிய குழம்புக்கு இந்த வழியில் பெயர் கிடைப்பது அரிது.

இடத்தை வைத்து உணவை எண்ணும் மரபு தமிழுக்குப் புதிதா என்றால், இல்லை. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்த இடத்தை உணவுக்கே தருகிறது. பட்டினப்பாலையில் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்கிறார்கள், வயல் ஆமையை வேகவைத்து உண்கிறார்கள். கடலும் வயலும் ஒரே வேளை உணவில் சேரும் கழிமுகத்து நிலம் அது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்கு வரும் பாணருக்கு நுளையர் மகள் வடித்த தேறலோடு உலர்ந்த குழல்மீன் சூடாகக் கிடைக்கிறது. இவை செய்முறைகள் அல்ல. ஆயினும் நிலம், உழைக்கும் சமூகம், பருவம், உணவு நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும் பார்வை இவற்றில் இருக்கிறது. இங்கே உரையாசிரியர்கள் தரும் ஒரு விளக்கம் தனிக் கவனத்துக்குரியது. நெய்தல் மக்களின் உணவாக அவர்கள் குறிப்பது மீனையன்று. மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருளை. கடற்கரை அடுப்பில் என்ன வேகும் என்பதை வலை மட்டும் தீர்மானிப்பதில்லை, விலையும் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். பழவேற்காட்டைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான தொடக்கப்புள்ளி எனக்குத் தெரியவில்லை.

உப்பும் நன்னீரும் கலக்கும் இடம்

சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டுமே தமிழ்நாட்டுக்கு உரியது. தெற்கில் ஆரணியாறும் வடக்கில் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவருகின்றன. கிழக்கில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. முகத்துவாரங்களின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் ஏரியின் உப்பு குறைந்து முகத்துவாரம் அகலும். கோடையில் நீர் வற்றி, மணல் அடைத்து, சில ஆண்டுகளில் ஏரிநீர் கடல்நீரைவிட உப்பு மிகுந்துவிடும். கடலில் பொரிக்கும் வெள்ளை இறாலின் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில், நீர் வற்றும் நேரத்தில், முகத்துவாரத்தை ஒட்டிக் கழி நட்டுக் கட்டிய வலையில் அவை சிக்குகின்றன. மடவை, கொடுவா, கிழங்கான், பச்சை நண்டு எல்லாவற்றின் கதையும் ஏதோ ஒரு வகையில் இந்த வாயிலைச் சார்ந்தது. ஏரியின் விலங்கினங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி விலங்கியலாளர் பி.ஜே. சஞ்சீவராஜின் பதிவுகள், இந்த உப்பின் ஏற்ற இறக்கமே ஏரியின் உயிர்ச் செழிப்புக்கு ஆதாரம் என்பதை உணர்த்துகின்றன.

இத்தாலியில் இதற்கு நேரான நிலப்பரப்புகள் உண்டு: போ கழிமுகத்தின் கொமாக்கியோ, வெனிஸ் காயல், தஸ்கனியின் ஒர்பெத்தெல்லோ, சார்தீனியத் தீவின் கப்ராஸ். அர்தூசி கொமாக்கியோ விலாங்கைப் பற்றி எழுதும்போது, அவ்வூரார் விலாங்கை எப்படிச் சமைத்தாலும் எண்ணெய் சேர்ப்பதில்லை என்று குறிப்பிடுகிறார். மீனிலேயே போதிய கொழுப்பு இருக்கிறது. ஒரே ஒரு விலக்கல்தான். ஆனால் அதில் அந்த நீரில் வளர்ந்த மீனின் உடல்வாகே அடங்கியிருக்கிறது. எலிசபெத் டேவிட் வெனிஸின் ரியால்ட்டோ சந்தையில் விடியற்காலை ஒளியில் மீன்களின் நிறத்தை விவரித்த பக்கங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. செய்முறையைத் தொடங்குமுன் வாசகர் நீரருகே நிற்கிறார்.

இந்த முகவரி எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு உயிரினங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது மடவை. சேற்றுப் படிவை மேய்ந்து வாழும் இம்மீனின் வயிற்றுக்குள் ஒரு கருஞ்சவ்வு படிந்திருக்கும். அதைக் கத்திமுனையால் சுரண்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் குழம்பில் சேற்று வாடை அடிக்கும். புளியைச் சற்றுத் தூக்கலாகக் கரைப்பதற்கும் மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துண்டு சேர்ப்பதற்கும் சுவையைத் தவிர இந்தக் காரணமும் உண்டு. சினை மீனாக இருந்தால் சினைப்பையைத் தனியே எடுத்து, குழம்பு கொதி அடங்கும் வேளையில் மெல்ல இறக்குவார்கள், அல்லது மிளகாய்த்தூள் தடவி வறுப்பார்கள். அன்றைக்கே அது தீர்ந்துவிடும். கப்ராஸிலும் ஒர்பெத்தெல்லோவிலும் மடவை இனத்தின் அதே சினைப்பையைக் கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, பலகைகளுக்கு நடுவே அழுத்தி, வாரக்கணக்கில் உலர்த்தி, பொத்தார்கா என்று தங்கத்துக்கு நிகரான விலையில் விற்கிறார்கள். உப்பும் வெயிலும் கருவாட்டுக் கைத்திறனும் பழவேற்காட்டில் குறைவில்லை. இல்லாதது அந்தப் பொருளுக்கு ஊர்ப்பெயரும் பருவமும் கொடுத்து எழுதிவைத்த எழுத்தும், அதை நம்பி வாங்கும் சந்தையும்.

இரண்டாவது நண்டு. வெனிஸ் காயலில் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் சிறு நண்டுகள் ஓடு கழற்றும். கழற்றப்போகும் நண்டை அடையாளம் காண்பது அங்கே தலைமுறைகளாகக் கைமாறும் தொழில். அப்படிப்பட்டவற்றைத் தேர்ந்து, நீரில் மிதக்கும் மரக்கூண்டுகளில் இட்டு, நாள்தோறும் பலமுறை பார்த்து, ஓடு கழன்ற சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் புது ஓடு இறுகிவிடும். அந்த மென்னண்டை அடித்த முட்டையில் உயிரோடு ஊறவிட்டு, மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். சாதாரண நண்டைவிட அதற்குப் பல மடங்கு விலை. பழவேற்காட்டின் பச்சை நண்டும் ஓடு கழற்றுகிறது. ஆனால் கால்கட்டிக் கூடையில் அடுக்கி, உயிரோடு விமானத்தில் சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு அனுப்பும் வியாபாரத்தில், ஓடு இறுகாத நண்டு ‘தண்ணீர் நண்டு’ என்று தரம் இறங்கிவிடுகிறது. சதை கட்டும்வரை அடைப்பில் வைத்துத் தீனி போட்டு வளர்ப்பதற்கே அது ஏற்றது. இரு நண்டுகளும் வேறு இனம், அளவும் வேறு என்பது உண்மைதான். ஆயினும் உயிரியலில் ஒரே தருணம் ஓரிடத்தில் உச்ச விலை பெறுவதையும் இன்னோரிடத்தில் கழிவாவதையும் ருசியால் மட்டும் விளக்க முடியாது. யாருக்காகப் பிடிக்கிறோம் என்பதே வேறுபாடு. வெனிஸின் மென்னண்டு வெனிஸ்காரர் உண்பதற்காகப் பிடிக்கப்பட்டு, பிறகு புகழடைந்தது. பழவேற்காட்டின் பெரிய நண்டு தொலைதூர மேசைக்காகவே பிடிக்கப்படுகிறது; ஊர் அடுப்புக்கு வருவது கால் உடைந்ததும், சிறியதும், ஏற்றுமதிக்கு ஆகாததும்.

வெளியுலகத் தொடர்பு பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை நிலையமாக இருந்தது. இங்கிருந்து போன துணியின் நினைவாக மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் இவ்வூரின் பெயர் வழங்குகிறது. துணிக்குக் கிடைத்த ஊர்ப்பெயர் உணவுக்குக் கிடைக்கவில்லை.

எழுதப்படாத உரிமை

இத்தாலிய நூல்கள் எங்கே தவறின என்பதை இப்போது பார்க்கலாம். கொமாக்கியோவின் காயல்கள் காவலுக்கு உட்பட்டவை. இரவில் ஈட்டியோடு இறங்கி விலாங்கு குத்திய ஏழைகள் திருடர்களாகத் துரத்தப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அக்காயல்களில் பெரும்பகுதி வடிக்கப்பட்டு வயலாயிற்று. கப்ராஸில் நிலைமை இன்னும் கூர்மையானது. அந்தக் காயலின் மீன்பிடி உரிமை நிலப்பிரபுத்துவ முறையில் தனியார் கையில் சிக்கியிருந்ததை ஜுசெப்பே ஃபியோரி 1961இல் ‘காயலின் பிரபுக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலாகவே எழுதினார். ஆறு ஆண்டுகள் கழித்து கொசெத்தி டெல்லா சால்டாவின் பெருந்தொகுப்பு வெளிவந்தது. ஒரே நாடு, ஒரே பத்தாண்டு; ஆனால் சமையல் நூலின் பொது வடிவத்தில் ஃபியோரி எழுப்பிய கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மடவைச் சினையை எப்படி உலர்த்துவது என்று சொல்லும் நூலகமும், அந்த மடவையைப் பிடிக்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் நூலகமும் தனித்தனியே வளர்ந்தன.

பழவேற்காட்டில் இவ்விரண்டையும் பிரித்தால் சமையலே புரியாது. காரணம், பாடு முறை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் கட்டுவலை போடும் உரிமை, பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட சில ஊர்களுக்குப் பரம்பரையாக உண்டு. ஊர்களுக்குள் முறைநாள் வைத்து, தகுதியுள்ள உறுப்பினர்களிடையே சீட்டுப் போட்டு, யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்று தீர்மானிக்கிறார்கள். ஒரே ஆள் நல்ல இடத்தை எப்போதும் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு குடும்பம் வெறுங்கையோடு போகும் நாள் வந்தாலும் அடுத்த முறை உறுதி. நெருக்கடிக் காலத்தில் பசியைப் பகிர்ந்துகொள்ளும் நுட்பமான ஏற்பாடு இது. அதே வேளையில் அது வெளியேற்றும் ஏற்பாடும்கூட. பாடு இல்லாத ஊர்களுக்கும், பிற சாதியினருக்கும், பிற்காலத்தில் மீன்பிடிக்கு வந்தவர்களுக்கும் அந்த இடங்களில் அனுமதியில்லை. சாரா கூல்ட்ஹார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஏரியின் சூழல் மாறும்போது இம்முறையே சிலருக்குப் பாதுகாப்பாகவும் சிலருக்குத் தடையாகவும் ஆவதைக் காட்டுகிறது.

இந்த அமைப்பு அடுப்பு வரை நீள்கிறது. பாடு உள்ள வீட்டில் முறைநாளில் இறால் மிகுதியாக வரும். அதன் பெரும்பகுதி அன்றே விலைக்குப் போய்விடும். குழம்புக்கென்று எடுத்து வைக்கும் பங்கு பொடி இறாலும் கலப்பு மீனும். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் சேர்க்கிறார்கள். வலையோ படகோ இல்லாத இவ்வுழைப்பில் ஒரு வேளைக் கறியும் சிறிது காசும் கிடைக்கும். ஏரிக்கரை முஸ்லிம் குடும்பங்களின் அடுப்பிலும், கிறித்தவ ஊர்களின் அடுப்பிலும் அதே ஏரியின் மீன்தான், வேறு மசாலையோடும் வேறு விழா நாட்காட்டியோடும் வேகிறது. ஆகவே ‘பழவேற்காட்டு இறால் தொக்கு’ என்று ஒற்றைத் தலைப்பிட்டு ஒரு குறிப்பை எழுதினால், அது ஒரு வீட்டை ஊராகக் காட்டும் பிழையில் போய் முடியும். நம் சமையல் நூல்களின் பழைய பிழைதான் அது. இங்கே முகவரியாக வைக்கத் தகுந்தது சாதியோ வீடோ அல்ல. எல்லா அடுப்புகளுக்கும் பொதுவான ஏரி. ஆனால் ஏரியை முகவரியாக வைத்த உடனே, அதில் யார் எங்கே இறங்கலாம் என்பதையும் எழுதியாக வேண்டும்.

வெளியிலிருந்து வந்த மாற்றங்களும் இதே கணக்கில் சேரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தபோது தீவிலிருந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்தது. அதை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்து வருகின்றன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சில்கா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லி, அவற்றின் 1000 மீட்டர் சுற்றளவில் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. ஒரு சட்ட ஆவணம் அது. ஏரி இறாலின் சுவையைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தம் சான்றுகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

மறுப்புகள்

முதல் மறுப்பு: பழவேற்காட்டுக்கென்று தனிச் சமையலே கிடையாது, எண்ணூரிலும் காசிமேட்டிலும் வைக்கும் குழம்புதான் இங்கும். மசாலையை மட்டும் பார்த்தால் இது சரி. மிளகாய்த்தூள், புளி, பூண்டு, வெந்தயம் இவற்றின் விகிதத்தில் ஊர் வேறுபாட்டைத் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. வேறுபாடு சட்டிக்குள் வருமுன்பே நிகழ்ந்துவிடுகிறது: கடல் மடவைக்கும் ஏரி மடவைக்கும், மழைக்காலத்து இறாலுக்கும் கோடை இறாலுக்கும், அமாவாசையை ஒட்டி வாங்கும் நண்டுக்கும் பௌர்ணமி நண்டுக்கும் இடையே ஊரார் காணும் வேறுபாடுகளில் அது இருக்கிறது. அந்த அறிவு செய்முறைக்குள் அடங்காது. தேர்வு செய்வதிலும் கழுவுவதிலும், எதை எப்போது சமைக்காமல் விடுவது என்பதிலும் இருக்கிறது. அர்தூசி எண்ணெயை விலக்கியதைக் குறித்தது போன்ற குறிப்புகளே இங்கும் தேவை.

இரண்டாவது, கிராண்டியின் வழிவந்த மறுப்பு: எழுதப் புகுந்தால் இல்லாத தொன்மையைக் கற்பித்துவிடுவோம். அபாயம் உண்மையானது. அதற்கு மருந்து எழுதாமல் இருப்பதன்று, காலத்தைச் சேர்த்து எழுதுவது. குழம்பின் மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியர் இவ்வூரில் தங்கியிருந்தார்கள். இத்தாலி 1999இல் மரபு உணவுகளுக்கான அரசுப் பட்டியல் ஒன்றை உருவாக்கியபோது, ஆயிரம் ஆண்டுப் பழமையை எதிர்பார்க்கவில்லை. 25 ஆண்டுகள் தொடர்ந்து வழக்கத்தில் இருந்தாலே போதும் என்று விதித்தது. நேர்மையான அளவுகோல் அது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. எழுத்து புகழைத் தரும். புகழ் விலையை ஏற்றும். விலை ஏறினால் ஊரார் சட்டியில் இப்போது விழுவதும் விழாமல் போகும். பொத்தார்காவும் மென்னண்டும் இன்று அவற்றைப் பிடிப்பவர்களின் அன்றாட உணவாக இல்லை என்று யாரேனும் சுட்டினால் மறுக்க முடியாது. ஆயினும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பெரிய நண்டும் வெள்ளை இறாலும் எந்தச் சமையல் நூலின் துணையுமின்றி ஏற்கெனவே ஊரை விட்டுப் போய்விட்டன. உறைபதன ஏற்றுமதிக்கு நூல் தேவைப்படவில்லை. நூல் எழுதாததால் அவை காப்பாற்றப்படவில்லை. மேலும், இன்றைய சந்தையில் ஏரிப் பொருளுக்கு விலை உண்டு, ஏரிக்கு மதிப்பில்லை. நண்டை வாங்குபவருக்கு அது எந்த நீரிலிருந்து வந்தது என்பது பொருட்டன்று. இந்த ஏரி தூர்ந்துபோனால் வேறோர் ஏரியின் நண்டை வாங்கிக்கொள்வார். இடத்தோடு சேர்த்து எழுதப்பட்ட உணவின் வாசகர் அப்படி எளிதில் மாறமாட்டார். முகத்துவாரம் மணலடைத்துக் கிடந்தால் தாம் படித்த இறாலுக்கு வழியில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவு ஏரியைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்காகப் பேசும் ஊராருக்கு வெளியே சில காதுகளை அது உண்டாக்கக்கூடும். விலையேற்றத்தின் அபாயத்தை முழுதாக நீக்க வழியில்லை; பாடு முறையைப் போலப் பங்கீட்டை உள்ளடக்கிய அமைப்புகள் வலுவாக இருக்கும் இடத்தில் அது குறையும் என்பதே நியாயமாகச் சொல்லக்கூடியது. பாடு முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தத் தேறுதலும் கிடையாது.

நூலின் வடிவம் பற்றி

இந்த வாதத்தை ஏற்றால் நூலின் அமைப்பே மாறும். குழம்பு, வறுவல், தொக்கு என்ற வழக்கமான பகுப்புக்குப் பதிலாக ஏரியின் ஆண்டை அது பின்பற்ற வேண்டும்: வெள்ளம் வரும் மாதங்கள், முகத்துவாரம் திறந்திருக்கும் காலம், உப்பேறும் கோடை, கருவாட்டைத் தவிர வேறில்லாத நாட்கள். ஒவ்வொரு மீனுக்கும் அதைப் பிடிக்கும் கருவி, பிடிக்கும் உரிமை, விற்பனைக்குப் போகும் பங்கு, வீட்டுக்கு வரும் பங்கு, பிறகு சமையல் என்ற வரிசை அமைய வேண்டும். ஒரே மீனுக்குப் பட்டினவர், முஸ்லிம், இருளர், கிறித்தவர் அடுப்புகளின் செய்முறைகள் அடுத்தடுத்து, ஒன்றை மூலமென்றும் மற்றதைத் திரிபென்றும் சொல்லாமல் வர வேண்டும். தகவல் தந்த பெண்கள் விரும்பினால் அவர்களே நூலாசிரியர்களாகவும், வருவாயில் உரியவர்களாகவும் இருக்க வேண்டும். அர்தூசிக்குக் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. இன்னொன்று, தமிழில் மட்டும் எழுதினால் இந்நூல் தொடக்கத்திலேயே குறைபட்டதாகிவிடும். ஏரியின் பெரும்பகுதி சூளூர்ப்பேட்டை, தடா வட்டாரங்களில் தெலுங்கு பேசும் ஊர்களைத் தொட்டுக் கிடக்கிறது. முகத்துவாரங்களில் ஒன்றைத் தவிர மற்றவை அங்கேதான் இருக்கின்றன. அந்த ஊர்களின் மீன் பெயர்களையும் வலைப் பெயர்களையும் குழம்புகளையும் தெலுங்கு அறிந்தவர்கள் சேர்ந்து தொகுத்தாலன்றி, கையில் இருப்பது ஏரியின் தென்முனையைப் பற்றிய குறிப்பேடாகவே இருக்கும்.